பின் இருக்கைக்காரன் பார்த்தது

உல்ம் ரயில் நிலையத்தில் அந்த அக்டோபரில் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நின்றார்கள். நெஞ்சுக்கு நேரே ஆளுக்கொரு அட்டை. அட்டையில் ஒரு போட்டோ, ஒரு பெயர், படைப்பிரிவின் எண், ஆள் கடைசியாக எங்கே இருந்தான் என்ற ஒரு வரி. போர் முடிந்து பத்து வருஷம் கழித்து ரஷ்யா தன்னிடமிருந்த கடைசிக் கைதிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பஞ்சு வைத்துத் தைத்த சட்டையோடு இறங்கி வந்தவர்கள் ஒவ்வொரு அட்டையாகக் குனிந்து பார்த்தார்கள். தங்கள் வீட்டுக்காரர்கள் எங்கே என்று தேடுவதா, இந்தப் பெண்களுக்குப் பதில் சொல்வதா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

சென்டாவின் அட்டை ஒரு செருப்புப் பெட்டியின் மூடி. அதில் அவள் கணவன் அல்ஃபோன்ஸ் கல்யாணக் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தான். அன்றைக்கு அவன் மாமனார் வீட்டு ஆப்பிள் மதுவைக் கொஞ்சம் கூடுதலாகவே குடித்திருந்தான். அந்தச் சிரிப்பு அப்படியே போட்டோவில் விழுந்துவிட்டது.

"இவரைப் பார்த்ததில்லைங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான் ஒருவன்.

சென்டாவுக்குப் பக்கத்தில் காப்பி ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவள் அண்ணன் ஓட்மார். பால் லாரி ஓட்டுகிறவன். ரயில் வருகிற நாளில் எல்லாம் கேன்களை இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு வருவான்.

"அண்ணா, அந்த உயரமானவர்கிட்ட கேட்டியா? ரஷ்யாவுல பெரெசினா ஆத்துப் பக்கம் இருந்தவராம்."

"கேட்டேன். தெரியாதுன்னுட்டார்."

அவன் கேட்கவில்லை. ஓட்மார் பொய் சொல்வதில் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் இந்த ஒரு பொய்யை மட்டும் ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். ஏன் என்று புரிய வேண்டுமானால் அவன் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆல்ப் மேட்டில் எங்கள் பிர்க்கன்ரைன் கிராமத்தில் வண்டிச்சக்கரம் செய்பவரின் மகன் அவன். பதினைந்து வயதில் அவனுக்குக் கிளைடர் பைத்தியம், எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் விமானத்தின் பைத்தியம், பிடித்தது. சரிவின் உச்சியில் கிளைடரை வைத்து, ரப்பர் கயிற்றைப் பையன்கள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு ஓட, அது விருட்டென்று கிளம்பும். மேலே போனால் காற்றின் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. அப்பாவின் திட்டு இல்லை, பட்டறையின் பசை வாசனை இல்லை. பிறகு ஆட்சியைப் பிடித்த கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள் வந்து கிளைடர் சங்கத்தைத் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள். சட்டைதான் மாறியிருக்கிறது, கயிறு அதே கயிறுதானே என்று ஓட்மார் நினைத்தான். அதற்கு மேல் நினைக்கச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகவும் நினைக்கவில்லை. இந்த நாட்டில் அந்த வருஷங்களில் அப்படிப் பாதியில் நிறுத்திக்கொண்டவர்களை வரிசையாக நிற்க வைத்தால் வரிசை கடல் வரைக்கும் போகும்.

போர் வந்ததும் அவனை ஸ்டூகாவில் உட்கார வைத்தார்கள். தரையில் இருப்பதை அடிப்பதற்கென்றே செய்த விமானம் அது. இலக்குக்கு மேலே வந்து, மூக்கைக் கீழே குத்தி, கிணற்றில் கல் விழுகிற மாதிரி விழ வேண்டும். குண்டை விட்டதும் விமானம் தானாக நிமிரும். அந்த நிமிஷத்தில் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி, கண் சாம்பல் பூத்துப் போகும். பார்வை திரும்பி வருவதற்குள் ஓட்டுகிறவனுக்கு எதிரே வானம்தான் இருக்கும். தான் போட்ட குண்டு என்ன செய்தது என்று ஸ்டூகா ஓட்டுகிறவன் பார்ப்பதே இல்லை.

பார்க்கிறவன் பின்னால் உட்கார்ந்திருக்கும் துப்பாக்கிக்காரன். இரண்டு பேரும் முதுகோடு முதுகு. முன்னவனுக்குப் போகிற இடம் தெரியும், பின்னவனுக்கு விட்டு வந்த இடம் தெரியும். ஓட்மாருக்கு வாய்த்த பின் இருக்கைக்காரன் வெண்டலின். எஹிங்கன் ஊரில் சவரக்கடை வைத்திருந்தவன், ஓட்மாரைவிட ஏழெட்டு வயது மூத்தவன். குதிரை மாதிரி நீண்ட முகம். அந்த முகத்தை அசைக்காமல் கிண்டல் பண்ணுவான்.

"பத்து வருஷமா ஊர்க்காரங்க பின்மண்டையைப் பார்த்துப் பொழச்சவன் நான்" என்றான் முதல் நாளே. "இங்கே வந்து பார்த்தா உன் பின்மண்டைகூடத் தெரியலை. ஆளுக்கு ஏத்த வேலை குடுக்கத் தெரியாத படை இது. எப்படி ஜெயிக்கப் போறாங்களோ!"

"சத்தமா பேசாதேய்யா. யார் காதுலயாவது விழுந்துடப் போவுது."

"விழட்டும். தூக்குல போடறதுக்கு முன்னால அவனுக்கும் முடிவெட்டி விடறேன்."

அவர்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. குண்டு விட்டு மேலே ஏறும்போது ஓட்மார், "உட்கார்ந்துச்சா?" என்று கேட்பான். வெண்டலின், "உட்கார்ந்துச்சு" என்பான். ஓட்மார், "நல்லது" என்பான். அவ்வளவுதான். எது உட்கார்ந்தது, எதன்மேல் உட்கார்ந்தது என்று பேச்சு வளர்ந்ததே இல்லை. சவரக்கடையில் வாடிக்கைக்காரரிடம் பக்கவாட்டில் போதுமா என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது அது.

பிரான்ஸிலும் அதே பேச்சு, ரஷ்யாவிலும் அதே பேச்சு. நூறாவது பறப்பு முடிந்து இறங்கியபோது படையின் வழக்கப்படி ஓட்மாருக்கு இலை மாலை போட்டு, அதிர்ஷ்டத்துக்கு ஓர் உயிருள்ள பன்றிக்குட்டியைக் கையில் கொடுத்தார்கள். குட்டி அவன் சட்டையெல்லாம் நனைத்தது. அன்று இரவு அது வெண்டலினின் கம்பளிக்குள் புகுந்து தூங்கியது. ஒரு மாதம் கழித்துச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்ததும் குட்டி குழம்பாகிவிட்டது. "அதிர்ஷ்டத்தைச் சாப்பிட்டாச்சு, இனிமே சொந்தக் கால்லதான் நிக்கணும்" என்றான் வெண்டலின். இந்தப் பன்றிக்குட்டிக் கதையைத்தான் போருக்குப் பிறகு எங்கள் ஊர் மதுக்கடையில் ஓட்மார் அடிக்கடி சொல்வான். கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது.

மதுக்கடையில் சொல்லாத கதைகளும் இருந்தன. டான் நதிப் பாலம் அதில் ஒன்று. நாற்பத்திரண்டு கோடைகாலம். பாலத்தில் ராணுவ லாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, போய் அடியுங்கள் என்று உத்தரவு. மேலே போகும்போது ஓட்மாருக்குப் புழுதிதான் தெரிந்தது. இறங்கினான், விட்டான், ஏறினான். "உட்கார்ந்துச்சா?" என்று கேட்டான். பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. "உட்கார்ந்துச்சு." "நல்லது."

அன்று சாயங்காலம் முகாமில் முடிவெட்ட நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். வெண்டலின் கத்திரிக்கோலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டான். கை நடுங்குகிறது என்றான். வயிற்றுப்போக்காக இருக்கும் என்று ஓட்மார் நினைத்துக்கொண்டான். அவன் நினைப்பு எப்போதும் தனக்குச் சௌகரியமான இடத்தில்தான் போய் நிற்கும்.

பிறகு நாற்பத்திநாலு ஜூன். படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. எது நம் பக்கம், எது எதிரி பக்கம் என்று மேலிருந்து பார்ப்பவனுக்குப் பிடிபடாத நாட்கள். அதற்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. நம் விமானம் தெரிந்ததும் தரையில் இருக்கும் நம் ஆட்கள் கொடித்துணியை விரிப்பார்கள், வெள்ளை ஒளிக்குண்டைச் சுடுவார்கள். அதைப் பார்த்தால் விமானம் விலகிப் போய்விட வேண்டும். ஆனால் ரஷ்யர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நம்மிடமிருந்து பிடித்த ஒளிக்குண்டுத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு அவர்களும் வெள்ளை வெளிச்சம் சுட ஆரம்பித்தார்கள். அதை நம்பி ஓட்மாரின் அணி ஒருநாள் குண்டு போடாமல் திரும்பியது. மறுநாள் அந்த இடத்திலிருந்தே ரஷ்ய டாங்கிகள் கிளம்பி வந்து ஒரு கிராமத்தில் இருந்த நம் ஆட்களை நசுக்கிவிட்டுப் போயின.

தளபதி எல்லோரையும் நிற்க வைத்துக் கத்தினார். "வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டீங்களா? இனிமே எவனாவது அப்படி வந்தா என் முகத்துல முழிக்காதீங்கடா!"

மூன்றாம் நாள் காலையில் ஓட்மார் அணியின் முதல் விமானத்தில் போனான். பெரெசினா ஆற்றங்கரையில் ஒரு மரமில். பாதி உடைந்த புகைக்கூண்டு. ரஷ்யர்கள் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுற்றிலும் காடு எரிந்து புகை மூடியிருந்தது. மில்லுக்கு நேர் மேலே வந்தபோது கீழேயிருந்து வெள்ளை வெளிச்சம் கிளம்பியது. ஒன்று. பின்னாலேயே இன்னொன்று.

"ரஷ்யன் மறுபடியும் ஏமாத்தப் பார்க்கிறான்" என்றான் ஓட்மார்.

வெண்டலினுக்கு முன்பக்கம் தெரியாது. ஓட்மார் மூக்கைக் குத்தினான். முதல் விமானத்தின் குண்டு எங்கே புகைகிறதோ அங்கேயே மற்றவர்களும் போட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. அதுதான் முறை. ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"உட்கார்ந்துச்சா?"

பதில் இல்லை.

"வெண்டலின்! உட்கார்ந்துச்சா?"

"ம்."

இறங்கியதும், காதில் மாட்டிப் பேசும் கருவி கெட்டுவிட்டது என்றான் வெண்டலின். அந்த வாரமே வேறு வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வந்த துப்பாக்கிக்காரர்களின் பெயர்கூட ஓட்மாருக்குச் சரியாக நினைவில் இல்லை.

போர் தோற்று முடிந்தது. ஓட்மார் கொஞ்ச நாள் அமெரிக்கர்களிடம் கைதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பினான். பால் லாரி கிடைத்தது. எஹிங்கனில் வெண்டலின் கடையைத் திறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு முடிவெட்டப் போனான். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை போனான். வானிலை, பால் விலை, எவன் மனைவி எவனோடு பேசுகிறாள், எல்லாம் பேசுவார்கள். போரைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். முன்னே முதுகோடு முதுகு உட்கார்ந்தவர்கள் இப்போது ஒரே கண்ணாடியைப் பார்த்தார்கள்; கண்ணும் கண்ணும் மட்டும் பட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நாற்பத்தொன்பதில் அல்ஃபோன்ஸின் படையில் இருந்த கெப்ஹார்ட் என்பவன் சென்டாவைத் தேடிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை. பருப்பும் கையால் தேய்த்த மாவுச்சேவையும் சாப்பிட்டு முடித்து, எல்லோரும் காப்பிக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குக் கால்ல அடிபட்டு அன்னிக்கு விடியக்காலையில வண்டியில ஏத்தி அனுப்பிட்டாங்க" என்றான் கெப்ஹார்ட். "அல்ஃபோன்ஸ் அங்கேதான் இருந்தான், ஒரு மரமில்லுல. பெரெசினா கரையில. புகைக்கூண்டு பாதி உடைஞ்சு நிக்கும். அதுக்கப்புறம் அங்கேருந்து யாருமே வந்து சேரலை. ரஷ்யாக்காரன் பிடிச்சுட்டுப் போயிருப்பான்."

சென்டாவின் முகம் மலர்ந்தது. "பிடிச்சுட்டுப் போயிருந்தா உயிரோட இருப்பார் இல்லே? அண்ணா, கேட்டியா?"

ஓட்மார் கேட்டான். பாதி உடைந்த அந்தப் புகைக்கூண்டு அவனுக்கும் தெரிந்ததுதான். அந்த மில்லில் இருந்தது ரஷ்யர்களாகவும் இருக்கலாம், அல்ஃபோன்ஸின் ஆட்கள் அதற்குள் கிளம்பியிருக்கலாம் என்று அன்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தவன்தான், நிறுத்தவே இல்லை. சந்தேகம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பிடுங்கிப் பார்க்க ஒரே ஓர் ஆளைக் கேட்டால் போதும். அந்த ஆள் மாதா மாதம் அவன் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். ஓட்மார் கேட்கவில்லை.

இதற்குள் ஓடு வேயும் மார்ட்டின் என்பவன் சென்டாவைக் கட்டிக்கொள்ள விருப்பம் தெரிவித்திருந்தான். நல்லவன், போரில் மனைவியை இழந்தவன். "அவர் வந்து நின்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்று சென்டா மறுத்துவிட்டாள். மார்ட்டின் நான்கு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். தங்கையின் வயது ஓடுவதை ஓட்மார் பார்த்துக்கொண்டே இருந்தான். ரயிலுக்கு அழைத்துப் போனான், ஃபிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டான். தன்னால் முடிந்த உதவி அது என்று நினைத்தான், பாவி.

அந்த அக்டோபர் ரயிலும் ஏமாற்றிவிட்டுப் போன பிறகு சென்டா சொன்னாள்: "இன்னும் ரெண்டு ரயில் இருக்காம் அண்ணா. அதுலயும் வரலைன்னா வயலை வித்துட்டு எல்லைக்கே போய்டறேன். கைதிங்க வந்து இறங்கற முகாம்லயே தங்கி, வர்றவங்க ஒவ்வொருத்தரையா கேட்கறேன்."

மறுநாள் மத்தியானம் ஓட்மார் எஹிங்கனுக்குப் போனான். முடிவெட்டும் நாள் இல்லை. கடையில் ஆள் இல்லை. வெண்டலின் ஒன்றும் கேட்காமல் துணியை உதறிக் கழுத்தில் கட்டி, வெட்ட ஆரம்பித்தான்.

"அந்த மரமில்லு" என்றான் ஓட்மார்.

கத்திரிக்கோல் நின்றது.

"அங்கே இருந்தது யாரு? என் தங்கச்சி மாப்பிள்ளை அந்த மில்லுலதான் இருந்தானாம். நீ பார்த்தியே. சொல்லு."

வெண்டலின் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். பத்து வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"நம்ம ஆளுங்கதான். துணி விரிச்சிருந்தாங்க. புகையில உனக்குத் தெரியலை. மேல ஏறும்போது எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டு பேர் அந்தத் துணியைத் தூக்கிப் பிடிச்சு ஆட்டினாங்க, விடாம ஆட்டினாங்க. மூணாவது பிளேனுக்கு அப்புறம் ஆட்டறதுக்கு யாரும் இல்லை."

"நீ ஏன் கத்தலை? பின்னால வந்தவங்களையாவது நிறுத்தியிருக்கலாமே."

"வாய் வரலை. மத்த பிளேனோட பேசற கருவி என் கையிலதான் இருந்துது, வாய் வரலை. அதுக்கு நான்தான் பதில் சொல்லணும், நீ இல்லை."

ஓட்மார் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். விசும்பலில் தோளில் இருந்த முடியெல்லாம் உதிர்ந்தது. வெண்டலின் வெந்நீரில் நனைத்த துண்டைப் பிழிந்து அவன் கையில் கொடுத்தான். அழுது முடிக்கும்வரை காத்திருந்தான்.

"நீ என்னிக்காவது கேட்பேன்னு எனக்குத் தெரியும்" என்றான். "ஆனா மில்லைப் பத்திக் கேட்பேன்னு நினைக்கலை."

"வேற எதை?"

"டான் ஆத்துப் பாலம்."

"அங்கே லாரின்னு சொன்னாங்க."

"சொன்னாங்க. நான் பார்த்தேன். மாட்டு வண்டி. மெத்தை, பானை. ஒரு வண்டியில தையல் மிஷின், அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொம்பளை நடந்து வந்தா. உட்கார்ந்துச்சுன்னு சொன்னேன். நீ நல்லதுன்னே." வெண்டலின் கத்திரிக்கோலைக் கீழே வைத்தான். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அப்படி! ஒரு தடவையாவது அங்கே யாரு இருந்தாங்கன்னு நீ கேட்டதில்லை. இன்னிக்குக் கேட்கறே, உன் மாப்பிள்ளைங்கறதால கேட்கறே. மத்தவங்க எல்லாம் யாருக்கும் மாப்பிள்ளை இல்லையா ஓட்மார்?"

ஓட்மார் கழுத்துத் துணியை அவிழ்த்தான். பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விட்டான். வெண்டலினும் தடுக்கவில்லை.

அடுத்த ரயில் வெள்ளிக்கிழமை. சென்டா செருப்புப் பெட்டி மூடியை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள். "என்ன அண்ணா இது தலை? எலி கரண்டின மாதிரி!" என்று சிரித்தாள். பிளாவ்பாய்ரன் சாலையில் காட்டை ஒட்டி ஓட்மார் லாரியை ஓரம் கட்டினான். எஞ்சினை அணைத்துவிட்டு, சாலையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். வெள்ளை வெளிச்சம், துணி, மூன்றாவது விமானம். தன் பேரில் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அதை அவன் கணக்கில் வரவாக எழுதலாம்.

பின்னால் காலிக் கேன் ஒன்று மெல்ல உருண்டு இடித்துக்கொண்டது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நிச்சயமாத் தெரிஞ்சது செவ்வாய்க்கிழமை."

"சந்தேகம்?"

"கெப்ஹார்ட் வந்தானே, அன்னிலேருந்து."

"அந்த உயரமானவர்கிட்ட கேட்டியான்னு கேட்டேனே."

"கேட்கலை."

"ஒருத்தர்கிட்டயாவது கேட்டியா? இந்த ஆறு வருஷத்துல?"

ஓட்மார் தலையை ஆட்டினான். இல்லை.

சென்டா போட்டோவின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தாங்கும்படி இருந்திருக்கும்.

"குண்டு போட்டது போர் அண்ணா. புகை, உத்தரவு, ரஷ்யன்னு என்னென்னமோ சொல்றே. எனக்கு அதெல்லாம் புரியலை, அதுக்கு உன்னை என்ன சொல்றதுன்னும் தெரியலை. ஆனா ஆறு வருஷமா ஃபிளாஸ்கைப் பிடிச்சுக்கிட்டு பிளாட்பாரத்துல என் பக்கத்துல நின்னியே, அது போர் இல்லை. அது நீ."

கதவைத் திறந்து இறங்கினாள். அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். ஓட்மார் கூப்பிடவில்லை. கூப்பிட அவனுக்கு என்ன யோக்கியதை?

லாரியின் பக்கக் கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். அவனுக்கு அந்தத் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நடந்தவளின் நினைவு வந்தது. அவளை அவன் பார்த்ததே இல்லை, அதனால் அவளுக்கு முகம் இல்லை. சென்டாவின் முதுகுதான் இருந்தது. கண்ணாடியில் பார்ப்பது போதாது என்று தோன்றியது. கீழே இறங்கி, நடுச்சாலையில் திரும்பி நின்று பார்த்தான். வளைவு வரும்வரை பார்த்தான். அவள் திரும்பவில்லை.